முதுகு வலிக்கு விஏ ரேட்டிங்: க்ளெய்ம் போடுறதும், இல்லைன்னு சொன்னா திருப்பிக் கேக்குறதும்

நான் 2013ல மாவ்னி ப்ரோகிராம் (அமெரிக்காவுக்குத் தேவையான மொழி தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்களை ராணுவத்துல எடுத்த திட்டம்) வழியா அமெரிக்கன் ஆர்மில சேர்ந்தவன். அவங்க கேட்ட மொழிகள் லிஸ்ட்ல தமிழும் இருந்துச்சு, அதனால நம்மாளுங்க சிலர் அந்த வழியில உள்ள போனோம். நாலு வருஷம் ட்ரக் ஓட்டுனேன், பாடி ஆர்மரோட ட்ரக் பின்பக்கத்துல இருந்து குதிச்சு குதிச்சு இறங்குனதுல ஒருநாள் இடுப்புல ஏதோ சொடுக்குன மாதிரி ஆச்சு, அன்னைக்கு பிடிச்சது இன்னும் விடல. 2017 அக்டோபர்ல வெளிய வந்தேன், 2021ல தான் விஏகிட்ட (வெட்டரன்ஸ், அதாவது முன்னாள் ராணுவத்தினருக்கான அமெரிக்க அரசுத் துறை) இந்த வலிக்கு மாசப் பணம் கேட்டு க்ளெய்ம் போட்டேன், முதல்ல மறுத்துட்டாங்க, அப்புறம் 10% ரேட்டிங் (எவ்வளவு பாதிப்புங்கற அளவு, அதை வெச்சுத்தான் மாசப் பணம்) குடுத்தாங்க, கடைசில எல்லாம் சேர்த்து 40% வர்றதுக்கு மூணு வருஷம் ஆச்சு. அதுல ஆறு மாசம் என் தப்பால போனது. அந்தத் தப்பை நீங்களும் பண்ண வேணாம்னு தான் இதை எழுதுறேன். நான் வக்கீலும் இல்ல டாக்டரும் இல்ல, பட்டுத் தெரிஞ்சிக்கிட்டவன், அவ்வளவுதான்.

சிட்டிசனா இருக்கணுமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. வேணாம். சர்வீஸும் டிஸ்சார்ஜ் எப்படி ஆச்சுங்கறதும் தான் கணக்கு.

1. முதல்ல தேதியைப் பிடிச்சு வைங்க

பேப்பர் எல்லாம் சேர்த்துட்டு அப்புறம் போடலாம்னு உக்காந்திருக்காதீங்க. "இண்டென்ட் டு ஃபைல்"னு ஒண்ணு இருக்கு, ஃபார்ம் நம்பர் 21-0966. நான் க்ளெய்ம் போடப் போறேன்னு சொல்லி வைக்கிறது மட்டும் தான் அது, ஆன்லைன்ல அஞ்சு நிமிஷ வேலை, இல்லன்னா விஏவுக்கு ஒரு ஃபோன் போட்டாலே போதும், காசு கிடையாது. போட்ட நாள்ல இருந்து ஒரு வருஷத்துக்குள்ள முழு க்ளெய்ம் போட்டுட்டீங்கன்னா, நாளைக்கு ஜெயிக்கும்போது பழைய பாக்கி அந்த இண்டென்ட் தேதில இருந்து கணக்காகும். நான் மார்ச் 2021ல இண்டென்ட் போட்டு ஆகஸ்ட்ல க்ளெய்ம் போட்டேன், அந்த அஞ்சு மாசப் பணம் எனக்கு வந்ததுக்கு இது ஒண்ணு தான் காரணம்.

இன்னும் சர்வீஸ்ல இருக்கீங்களா? அப்ப உங்களுக்கு இதைவிட நல்ல வழி இருக்கு. வெளிய வர்றதுக்கு 180 நாள்ல இருந்து 90 நாள் முன்னாடிக்குள்ள போடுற பிடிடி க்ளெய்ம். வெளிய வந்து ஒரு வருஷத்துக்குள்ள போட்டாலும் டிஸ்சார்ஜ் ஆன மறுநாள்ல இருந்தே பணம் கணக்காகும். நான் நாலு வருஷம் சும்மா இருந்தேன், அந்த நாலு வருஷம் போனது போனது தான்.

2. முக்காலி நிக்கணும்

எந்த க்ளெய்ம் ஆனாலும் மூணு காலு வேணும். ஒண்ணு, இப்ப உங்களுக்கு ஒரு வியாதி இருக்குன்னு டாக்டர் குடுத்த டயக்னோசிஸ். ரெண்டு, சர்வீஸ்ல இருக்கும்போது ஏதோ நடந்துச்சுங்கறதுக்கு ஆதாரம். மூணு, அதுனால தான் இதுன்னு ரெண்டையும் சேர்த்துக் கட்டுற கயிறு, இதைத்தான் நெக்ஸஸ்னு சொல்றாங்க. பெரும்பாலும் உடையுறது மூணாவது கால் தான், ஏன்னா முதுகு வலிங்கறது ஊர்ல எல்லாருக்கும் வர்றது, வயசானா வர்றது, நாற்காலில உக்காந்து வேலை பாத்தாலே வர்றது.

நல்ல விஷயம் என்னன்னா கோர்ட் மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கச் சொல்ல மாட்டாங்க. பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தா போதும். தராசு ரெண்டு பக்கமும் சமமா நின்னா வெட்டரன் பக்கம் தான் தீர்ப்புன்னு சட்டத்துலயே இருக்கு.

ஸ்ட்ரெயின், டிஸ்க் பல்ஜ், டிஜெனரேடிவ் டிஸ்க், ஸ்டெனோசிஸ்னு டயக்னோசிஸ்ல ஏதாவது ஒரு பேர் இருக்கட்டும். பேர் இல்லாத வலியைக்கூட ஏத்துக்கலாம்னு 2018ல சாண்டர்ஸ் கேஸ்ல தீர்ப்பு வந்துச்சு, ஆனா வேலை பாதிக்கப்படுற அளவுக்கு இருக்கணும். அதை நம்பி ஸ்கேன் எடுக்காம இருக்காதீங்க.

3. பேப்பர் வேட்டை

இதுக்கு நேரம் எடுத்துக்கோங்க, இங்க தான் எல்லாம் இருக்கு.

டிடி-214, அதாவது டிஸ்சார்ஜ் பேப்பர், அது இல்லாம ஒண்ணும் நகராது. அடுத்து சர்வீஸ் மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் முழுசும். விஏ அதுவே எடுத்துக்கும்னு சொல்வாங்க, எடுக்கும், ஆனா நீங்களும் ஒரு காப்பி வாங்கி ஒவ்வொரு பக்கமா படிங்க. என் ரெக்கார்ட்ல சிக் கால் (உடம்பு சரியில்லன்னு ஆர்மி டாக்டரைப் பாக்குறது) போனது ஒரே ஒரு தடவை தான் இருந்துச்சு. ஏன்னா சிக் கால் போனா "ஏமாத்துறான்"னு ப்ளட்டூன்ல பேர் வந்துடும்னு பல்லைக் கடிச்சிட்டு ஐபுப்ரோஃபென் முழுங்கிட்டு ஓடிட்டே இருந்தேன். நீங்களும் அப்படித்தான் இருந்திருப்பீங்க. ஆனா அந்த ஒரு பக்கத்துக்குப் பின்னாடி ரெண்டு வார ப்ரொஃபைல் பேப்பர் ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்துச்சு, ஓடக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாதுன்னு. அதை நான் மறந்தே போயிருந்தேன். கடைசில கேஸைத் தூக்கி நிறுத்துனது அந்தப் பேப்பர் தான்.

ரிசர்வ், நேஷனல் கார்டுல இருந்தவங்க ஒரு விஷயம் கவனிங்க. ட்ரில்லுலயோ ட்ரெய்னிங்லயோ அடிபட்டதுன்னா லைன் ஆஃப் ட்யூட்டி பேப்பர் இருக்கான்னு பாருங்க. ட்யூட்டில இருந்தப்ப தான் அடிபட்டுச்சுன்னு நீங்க காட்டணும், அது இல்லன்னா ரொம்ப அலைய வேண்டி வரும்.

வெளில பாத்த டாக்டர் ரெக்கார்ட் எல்லாம் நீங்களே வாங்கி அப்லோட் பண்ணிடுங்க. 21-4142 ஃபார்ம் கையெழுத்துப் போட்டா விஏ கேட்டு வாங்கும், ஆனா க்ளினிக்காரங்க பதில் போடலன்னா அது அப்படியே நிக்கும். ஊர்ல பாத்த வைத்தியத்தையும் விட்டுடாதீங்க. நான் 2018 ஜனவரில லீவுக்கு மதுரை போயிருந்தப்ப, பஸ் படி ஏற முடியாம போயி அங்க ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ எடுத்தேன். எல்4-எல்5 டிஸ்க் பல்ஜ்னு ரிப்போர்ட். அந்தக் கவர் வருஷக்கணக்கா அம்மாவோட பீரோல புடவைக்கு அடியில கெடந்துச்சு, ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி வாங்குனேன். டிஸ்சார்ஜ் ஆகி மூணே மாசத்துல எடுத்த ஸ்கேன்! நடுவுல இருந்த பெரிய ஓட்டையை அடைச்சது அது. இதுலயே இன்னொண்ணு: டிஸ்சார்ஜ் ஆகி ஒரு வருஷத்துக்குள்ள ஆர்த்ரைடிஸ் 10% அளவுக்கு இருக்குன்னு ரெக்கார்ட் காட்டுனா, நெக்ஸஸ் தனியா நிரூபிக்கத் தேவையில்ல, சர்வீஸ்ல வந்ததாவே எடுத்துப்பாங்க. என் ரிப்போர்ட்ல ஆர்த்ரைடிஸ்ங்கற வார்த்தை இல்ல, அதனால எனக்கு அது ஓடல, உங்களுக்கு ஓடலாம்.

அப்புறம் சாட்சிக் கடிதங்க, ஃபார்ம் 21-10210. கூட வேலை பாத்தவன் ஒருத்தன், வீட்டுல ஒருத்தர், இது போதும். "இவருக்கு ரொம்ப வலி, பாவம்"னு எழுதுனா பிரயோஜனம் இல்ல, கண்ணால பாத்ததை எழுதச் சொல்லுங்க. என் மனைவி எழுதுனதுல ஒரு வரி: கொழுந்தன் கல்யாணத்துல பெரியவங்க கால்ல விழும்போது இவர் மட்டும் நின்னுக்கிட்டே கும்பிட்டாரு, ஏன்னா விழுந்தா எந்திரிக்க ரெண்டு பேர் வேணும். என் சர்வீஸ் ஆபீசர் (க்ளெய்ம் போட ஃப்ரீயா உதவுறவர்) அமெரிக்கக்காரர், கால்ல விழுறதுன்னா என்னன்னு கேட்டுத் தெரிஞ்சிக்கிட்டு, இந்த வரியை முதல் பாராவுக்குக் கொண்டு வான்னு சொன்னாரு. அம்மா அப்பா தமிழ்ல எழுதிக் குடுத்தா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் கையெழுத்தும் சேர்த்து வைங்க.

4. ரேட்டிங்: வலிக்கு இல்ல, கோணத்துக்கு

இது புரியாம தான் நெறைய பேர் ஏமாந்து போறாங்க. எவ்வளவு வலிக்குதுன்னு யாரும் அளக்குறது இல்ல. எவ்வளவு தூரம் குனிய முடியுதுன்னு அளக்குறாங்க. ஸ்கூல்ல ஜியாமெட்ரி பாக்ஸ்ல பாகைமானி இருக்குமே, அதுக்கு ரெண்டு கை ஒட்டுன மாதிரி கோனியோமீட்டர்னு ஒண்ணு, அதை இடுப்புகிட்ட வெச்சு பாப்பாங்க. அதை வெச்சுத்தான் அளக்கணும்னு ரூல்லயே இருக்கு, கண்ணால பாத்து குத்துமதிப்பா எழுதக்கூடாது.

கீழ்முதுகுக்கு முழுசா குனிஞ்சா 90 டிகிரி. அங்கிருந்து கணக்கு இப்படிப் போகும்:

- 60க்கு மேல, 85 வரைக்கும் குனிய முடிஞ்சா 10%
- 30க்கு மேல, 60 வரைக்கும்னா 20%. தசை இறுக்கத்துல நடையே கோணலா ஆகிட்டாலும் 20%
- 30 இல்ல அதுக்கும் கீழன்னா 40%
- கீழ்முதுகு முழுசும் கெட்ட நிலைல இறுகிப் போச்சுன்னா 50%, முழு முதுகெலும்பும் அப்படின்னா 100%

கழுத்துக்கு முழுசு 45 டிகிரி. 30க்கு மேல 40 வரைக்கும் 10%, 15க்கு மேல 30 வரைக்கும் 20%, 15ம் அதுக்குக் கீழயும் 30%. கழுத்தும் இடுப்பும் தனித்தனி ரேட்டிங், ரெண்டும் இருந்தா ரெண்டையும் எழுதுங்க. குனியுறது போக பின்னாடி வளையுறது, பக்கவாட்டு, திரும்புறது எல்லாத்தையும் கூட்டியும் ஒரு கணக்கு பாப்பாங்க, உங்களுக்கு எது லாபமோ அது.

கோணம் நல்லாவே இருக்கு ஆனா அசைச்சா வலிக்குதுன்னா, வலியோட அசையுற மூட்டுக்கு குறைஞ்சது 10% குடுக்கணும்னு தனி விதி இருக்கு. 4.59ன்னு அந்த நம்பரை ஞாபகம் வெச்சிக்கோங்க.

டிஸ்க் பிரச்சனைக்கு இன்னொரு கணக்கும் இருக்கு, போன 12 மாசத்துல டாக்டர் எத்தனை வாரம் படுக்கைல இருக்கச் சொன்னாருன்னு. மொத்தம் ஆறு வாரம் இல்ல அதுக்கும் மேலன்னா 60%. கேக்க நல்லா இருக்கும், ஆனா டாக்டர் எழுத்துல சொல்லி இருக்கணும். நீங்களா லீவு போட்டு தைலம் தேச்சுப் படுத்தது கணக்குல வராது. இந்தக் காலத்துல எந்த டாக்டர் படுக்கைல இருக்கச் சொல்றாரு, நடங்கன்னு தான் சொல்றாங்க, அதனால இந்த வழில யாருக்கும் கிடைச்சு நான் பாத்தது இல்ல.

5. காலைத் தனியா கேளுங்க

முதுகுல இருந்து நரம்பு அழுத்தி கால்ல சுண்டி இழுக்குறது, மரத்துப் போறது, கரண்ட் பாயுற மாதிரி இருக்குறது, இதுக்கு ரேடிகுலோபதின்னு தனி ரேட்டிங். ஒவ்வொரு காலுக்கும் தனி. சயாட்டிக் நரம்புன்னா லேசா இருந்தா 10%, நடுத்தரம் 20%, அதுக்கும் மேல 40, 60ன்னு போகும். யூரின், மோஷன் கட்டுப்பாடு போயிருந்தா அதுவும் தனி. இதை சொல்ல நாம கூச்சப்படுவோம், டாக்டர்கிட்ட கூச்சப்பட்டா அது ரெக்கார்ட்ல வராது. அதோட, திடீர்னு யூரின் கட்டுப்பாடு போச்சுன்னா, தொடை நடுவுல உணர்ச்சி இல்லன்னா க்ளெய்ம் எல்லாம் அப்புறம், உடனே எமர்ஜென்சிக்குப் போங்க.

முதுகு வலியால முழங்கால் கெட்டது, தூக்கம் போயி டிப்ரெஷன் வந்தது, இதெல்லாம் செகண்டரின்னு சேர்க்கலாம்.

கூட்டல் மட்டும் நம்ம கூட்டல் கிடையாது. முதுகு 20, ரெண்டு காலுக்கும் 10, 10. ரெண்டு காலும் பாதிச்சா ஒரு சின்ன போனஸ் சேரும், அப்ப காலு ரெண்டும் சேர்ந்து 21. முழு ஆள்ல 21 போக மிச்சம் 79, அந்த 79ல 20% எடுத்தா கிட்டத்தட்ட 16, மொத்தம் 37, ரவுண்ட் பண்ணி 40%. என் கணக்கு இதுதான். 2024 டிசம்பர்ல வந்து ஒரு வருஷம் இருந்த ரேட்ல தனி ஆளுக்கு 10%ன்னா மாசம் 175.51 டாலர், 20%க்கு 346.95, 40%க்கு 774.16. வரி கிடையாது. வருஷா வருஷம் டிசம்பர்ல ரேட் மாறும். 30% இல்ல அதுக்கு மேலன்னா மனைவி, பிள்ளைங்களுக்கு எக்ஸ்ட்ரா, உங்க வருமானத்தை நம்பி இருக்குற அப்பா அம்மாவையும் சேர்க்கலாம், அதுக்கு அவங்க வருமானக் கணக்கு காட்டணும்.

6. சி அண்ட் பி எக்ஸாம்: "பரவால்ல" சொல்லாதீங்க

சி அண்ட் பின்னா க்ளெய்முக்காக விஏ பண்ண வைக்கிற மெடிக்கல் எக்ஸாம். க்ளெய்ம் போட்டு சில வாரத்துல விஏவோட கான்ட்ராக்டர்கிட்ட இருந்து அதுக்கு ஃபோன் வரும். தெரியாத நம்பர், ஸ்பேம்னு கட் பண்ணிடுவோம், நான் மூணு தடவை கட் பண்ணேன். வாய்ஸ்மெயில் பாருங்க, போஸ்ட்டும் பாருங்க. எக்ஸாமுக்குப் போகலன்னா கையில இருக்குற பேப்பரை வெச்சு முடிச்சிடுவாங்க, ரேட்டிங் ஏத்தச் சொல்லிக் கேட்ட க்ளெய்ம்னா நேரா மறுப்பு தான். போக முடியலன்னா முன்னாடியே சொல்லி மாத்திக்கோங்க.

என் முதல் எக்ஸாம் இருவது நிமிஷம். உள்ள போனதும் "எப்படி இருக்கீங்க"ன்னாரு, நான் பழக்க தோஷத்துல "நல்லா இருக்கேன் சார்"னேன். குனியச் சொன்னாரு. பெரியவர் சொல்லிட்டாரேன்னு, ராணுவத்துல வேற இருந்தவன் இல்லையா, உயிரைக் குடுத்து கிட்டத்தட்ட கணுக்கால் வரைக்கும் குனிஞ்சு காட்டுனேன், கண்ணுல தண்ணி வந்துச்சு, அதை அவர் பாக்கல. ரிப்போர்ட்ல 80 டிகிரின்னு ஏறிடுச்சு. வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் படுத்துட்டேன், அது எந்த ரிப்போர்ட்லயும் இல்ல.

பொய் சொல்லச் சொல்லல, நடிக்கவும் வேணாம். கார்ல இருந்து இறங்கி நடந்து வர்றதுல இருந்து பாப்பாங்க, ரெக்கார்டும் அவங்க கையில இருக்கும், பிடிபட்டா எல்லாமே போகும். வலி ஆரம்பிக்கிற இடத்துல "இங்க வலிக்குது"ன்னு வாய் விட்டுச் சொல்லுங்க, முடியலன்னா நிறுத்துங்க. அப்புறம் இந்த விஷயத்தை அவங்க கேக்கலன்னாலும் நீங்க சொல்லிடுங்க: மாசத்துக்கு எத்தனை தடவை ரொம்ப மோசமா ஆகுது, எத்தனை நாள் இருக்கு, அப்ப எவ்வளவு தூரம் குனிய முடியும். அன்னைக்கு நல்ல நாளா இருந்தாலும், மோசமான நாள்ல எப்படி இருக்கும்னு எக்ஸாமினர் மதிப்புப் போட்டு எழுதணும்னு 2017ல ஷார்ப் கேஸ்ல தீர்ப்பு இருக்கு. என்கிட்ட அதை ஒரு வார்த்தை கேக்கல. என்ன மாத்திரை போட்டுட்டு வந்தீங்க, பெல்ட் போடுறீங்களா, கைத்தடி வேணுமா, எல்லாம் சொல்லுங்க. வெளிய வந்ததும் கார்ல உக்காந்தே என்ன கேட்டாங்க, என்ன அளந்தாங்க, கோனியோமீட்டர் எடுத்தாங்களா, எத்தனை நிமிஷம்னு ஃபோன்ல எழுதி வைங்க. இந்தக் குறிப்பு பின்னாடி தங்கம்.

7. மறுப்புக் கடிதம் வந்தா அன்னைக்கே ஒண்ணும் பண்ணாதீங்க

எனக்கு ஜனவரி 2022ல வந்துச்சு. கோவத்துல கடைசிப் பக்கத்துக்குப் போயி எந்த ஃபார்ம்னு பாத்து அடுத்த வாரமே தப்பான ஃபார்மைப் போட்டேன், அதுல ஆறு மாசம் போச்சு. ஒரு வருஷம் டைம் இருக்கு. கடிதத்து தேதில இருந்து எண்ணணும், உங்க கைக்கு வந்த தேதில இருந்து இல்ல.

கடிதத்துல ரெண்டு விஷயம் தேடுங்க. முதல்ல "ஃபேவரபிள் ஃபைண்டிங்ஸ்"னு ஒரு பகுதி, உங்களுக்கு சாதகமா அவங்க ஒத்துக்கிட்டது. எனக்கு டயக்னோசிஸ் இருக்குன்னும், சர்வீஸ்ல முதுகுக்கு சிகிச்சை எடுத்தேன்னும் ஒத்துக்கிட்டிருந்தாங்க. இதை அடுத்த கட்டத்துல உக்கார்றவங்க சும்மா மாத்த முடியாது, அப்பட்டமான தப்புன்னா தான் முடியும். அப்ப முக்காலில ரெண்டு கால் ஏற்கனவே நிக்குது, உடைஞ்சது மூணாவது மட்டும். ரெண்டாவது, எது பத்தலன்னு சொல்ற வரி. என் கடிதத்துல, சிகிச்சைக்கு அப்புறம் பல வருஷம் ரெக்கார்டே இல்லன்னு எக்ஸாமினர் எதிரா எழுதுனதா இருந்துச்சு.

அந்த எக்ஸாம் ரிப்போர்ட்டையும் வாங்கிப் படிங்க. 20-10206 ஃபார்ம்ல உங்க முழு ஃபைலையும் கேக்கலாம், ஃப்ரீ தான், ஆனா மாசக்கணக்குல ஆகும், அதனால கடிதம் வந்த வாரமே கேட்டு வைங்க.

8. மூணு வழி, எது உங்களுக்கு

2019 பிப்ரவரில இருந்து மூணு வழி இருக்கு.

சப்ளிமெண்டல் க்ளெய்ம், ஃபார்ம் 20-0995. புதுசா, கேஸுக்குச் சம்பந்தமான ஆதாரம் ஏதாவது இருந்தா இது. மறுத்த காரணம் "ஆதாரம் பத்தல"ன்னா இதைத்தான் போடணும்.

ஹையர் லெவல் ரிவ்யூ, ஃபார்ம் 20-0996. அதே பேப்பரை சீனியர் ஒருத்தர் புதுசா பாப்பாரு. புது ஆதாரம் ஒரு துண்டு கூட சேர்க்க முடியாது. நான் முதல்ல போட்டது இது, நெக்ஸஸே இல்லாத ஃபைலை இன்னொருத்தர் பாத்தா மட்டும் நெக்ஸஸ் முளைக்குமா? ஜூன் 2022ல அதே பதில் வந்துச்சு. இது யாருக்குன்னா, பேப்பர் எல்லாம் உள்ளயே இருக்கு, ஆனா தப்பா படிச்சிட்டாங்க, விதியைத் தப்பா போட்டுட்டாங்க, எக்ஸாம் ஒழுங்கா நடக்கலன்னா அவங்களுக்கு. ஃபார்ம்ல இன்ஃபார்மல் கான்ஃபரன்ஸ்னு ஒரு கட்டம் இருக்கு, டிக் பண்ணுங்க, ஃபோன்ல பேசலாம். அழுது புலம்புற இடம் இல்ல அது, எந்தப் பக்கத்துல என்ன தப்புன்னு ரெண்டு பாயிண்ட் மட்டும் சொல்லி முடிக்கணும்.

போர்டு அப்பீல், ஃபார்ம் 10182. நீதிபதிகிட்ட போறது. இருக்குறதை வெச்சே பாருங்கன்னு ஒரு வரிசை, 90 நாளுக்குள்ள ஆதாரம் குடுக்குற வரிசை ஒண்ணு, நேர்ல பேசுற ஹியரிங் வரிசை ஒண்ணு. ஹியரிங் தான் ரொம்ப இழுக்கும், வருஷக்கணக்கு. அங்கயும் இல்லன்னா 120 நாளுக்குள்ள வெட்டரன்ஸ் கோர்ட்டுக்குப் போகலாம், அங்க போனா வக்கீலோட போங்க.

முதல் ரெண்டு வழிக்கும் சராசரி 125 நாள்னு விஏ இலக்கு வெச்சிருக்கு, எனக்கு நாலுல இருந்து ஆறு மாசம் வரைக்கும் ஆச்சு. முக்கியமானது, ஒவ்வொரு முடிவு வந்ததும் ஒரு வருஷத்துக்குள்ள அடுத்ததைப் போட்டுட்டே இருந்தா உங்க முதல் தேதி உயிரோட இருக்கும். ஒரு நாள் தவறுனாலும் சப்ளிமெண்டல் போடலாம், ஆனா தேதி புதுசா ஆரம்பிக்கும், பழைய பாக்கி போச்சு. ஹையர் லெவல் முடிஞ்சதும் அந்த முடிவு மேலயே திரும்ப ஹையர் லெவல் போட முடியாது, போர்டுக்கும் அப்படித்தான், சப்ளிமெண்டல் எத்தனை தடவை வேணா போடலாம்.

9. நெக்ஸஸ் லெட்டர்

நவம்பர் 2022ல சப்ளிமெண்டல் போட்டப்ப நான் சேர்த்தது மூணு: மனைவி கடிதம், கூட ட்ரக் ஓட்டுனவன் கடிதம், ஒரு எலும்பு டாக்டர் லெட்டர். மதுரை ஸ்கேனும் ப்ரொஃபைல் பேப்பரும் டாக்டர் கையில குடுத்தேன். லெட்டர்ல இருக்க வேண்டியது இது தான்: சர்வீஸ் ரெக்கார்டைப் படிச்சேன்னு ஒரு வரி, என்ன டயக்னோசிஸ்னு ஒரு வரி, "அட் லீஸ்ட் ஆஸ் லைக்லி ஆஸ் நாட்"ங்கற அதே வார்த்தைகள், அப்புறம் ஏன்னு காரணம். காரணம் தான் உயிர். "இருக்கலாம்"னு எழுதுனா செல்லாது, காரணம் இல்லாத ஒரு வரி லெட்டரும் செல்லாது. எங்க டாக்டர், 2017ல வெளிய வந்து மூணு மாசத்துல ஸ்கேன்ல பல்ஜ் தெரிஞ்சது, நடுவுல வேற அடி எதுவும் படல, 26 வயசு ஆளுக்கு வயசானதால வந்ததுன்னு சொல்றது கஷ்டம்னு எழுதுனாரு. ஒன்றரைப் பக்கம் தான்.

இதுக்கு நான் 600 டாலர் குடுத்தேன், மொத்தச் செலவே அதுதான். உங்களை ரெகுலரா பாக்குற டாக்டர் ஃப்ரீயா எழுதிக் குடுத்தா இன்னும் நல்லது, முதல்ல அவரைக் கேளுங்க.

மே 2023ல சர்வீஸ் கனெக்ஷன் (சர்வீஸால வந்தது தான்னு ஒத்துக்குறது) குடுத்தாங்க, 10%ன்னு. அந்தப் பழைய 80 டிகிரி தான். இப்ப பிரச்சனை நெக்ஸஸ் இல்ல, எக்ஸாம். அப்ப தான் ஹையர் லெவல் சரியான வழி. மோசமான நாளைப் பத்தி கேக்கவே இல்ல, கால் மரத்துப் போறது ட்ரீட்மெண்ட் ரெக்கார்ட்ல இருந்தும் பாக்கல, ரெண்டே பாயிண்ட் சொன்னேன், ஆறு நிமிஷத்துல ஃபோன் முடிஞ்சது. எக்ஸாம் பத்தலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க, ஜனவரி 2024ல புது எக்ஸாம், இந்தத் தடவை வலிக்கிற இடத்துல நிறுத்துனேன், 55 டிகிரி, ரெண்டு காலும் எழுதுனாங்க.

10. யார்கிட்ட காசு குடுக்கணும், யார்கிட்ட கூடாது

முதல் க்ளெய்முக்கு யாருமே ஃபீஸ் வாங்கக் கூடாது, சட்டம். டிஏவி, விஎஃப்டபிள்யூ, அமெரிக்கன் லீஜன் மாதிரி வெட்டரன்ஸ் சங்கங்க, உங்க கவுண்டி வெட்டரன்ஸ் ஆபீஸ், இங்கல்லாம் இருக்குற அக்ரெடிடட் (விஏ அங்கீகாரம் குடுத்த) ஆளுங்க ஃப்ரீயா பண்ணித் தருவாங்க, 21-22 ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டா போதும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் இருக்கு, ஒருத்தர் ஃபோனே எடுக்கலன்னா வேற ஆளுக்கு மாத்திக்கோங்க, சங்கடப்படாதீங்க.

மறுத்த பிறகு அக்ரெடிடட் வக்கீல் வெச்சிக்கலாம். பழைய பாக்கில 20% வரைக்கும் நியாயம்னு எடுத்துப்பாங்க, 33ஐத் தாண்டுனா நியாயமில்லன்னு எடுத்துப்பாங்க. பெரும்பாலும் ஜெயிச்சா தான் ஃபீஸ்.

ஃபேஸ்புக்ல "100% கேரண்டி, ஏறுற ரேட்டிங்ல அஞ்சு மாசப் பணம் குடு"ன்னு வர்றவங்க இருக்காங்க பாருங்க, அவங்களை விஏவோட அக்ரெடிடேஷன் தேடல் பக்கத்துல பேர் போட்டுத் தேடுங்க. வரலன்னா ஓடிடுங்க. உங்க விஏ லாகின் பாஸ்வேர்டு கேட்டாலும் அதே தான்.

11. முடிவுக் கடிதம் சாதகமா வந்தாலும் படிங்க

சந்தோஷத்துல மூடி வெச்சிடாதீங்க. எஃபெக்டிவ் டேட் (எந்தத் தேதில இருந்து பணம் கணக்காகுதுங்கறது) என்னன்னு பாருங்க, இண்டென்ட் தேதியோட ஒத்துப்போகுதா. அடுத்த ரேட்டிங்குக்கு என்ன வேணும்னு அதுலயே எழுதியிருக்கும். காலுக்குத் தனியா குடுத்திருக்காங்களா பாருங்க. தேதி தப்பா இருந்தா அதையும் ஒரு வருஷத்துக்குள்ள கேக்கலாம், அதே மூணு வழி. மனைவி, பிள்ளைங்களை 21-686சி ஃபார்ம்ல சேருங்க, சீக்கிரம். ஊருக்கே திரும்பிப் போறதா இருந்தாலும் பணம் நிக்காது, ரேட்டிங் கிடைச்ச வியாதிக்கு அங்க பாக்குற வைத்தியச் செலவை ஃபாரின் மெடிக்கல் ப்ரோகிராம்ல கேக்கலாம், கிளம்புறதுக்கு முன்னாடி அதுல ரிஜிஸ்டர் பண்ணிட்டு, பில்லு எல்லாம் டாக்டர் பேரு, தேதி, என்ன வியாதிங்கறதோட இங்கிலீஷ்ல வாங்கி வைங்க.

எனக்கு மார்ச் 2024ல வந்த கடிதத்துல தேதி மார்ச் 2021னு சரியா இருந்துச்சு. கடிதத்தை மதுரை ஸ்கேன் கவருக்குள்ளயே வெச்சிருக்கேன், இப்ப அது என் பீரோல.